முகம் மாறியவருக்கு முகம் மாறியவரே துணை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த முகச் சீரமைப்பு அறுவை சிகிச்சை பற்றிய கட்டுரையைப் படித்தேன். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கன்னத்தில் ஒட்டுவதையும், கீழ்க்காலின் எலும்பில் ஒரு துண்டை வெட்டித் தாடையாக அமைப்பதையும், நுண்ணோக்கி வழியே பார்த்து மெல்லிய இரத்தக் குழாய்களை இணைப்பதையும் எல்லோருக்கும் விளங்கும்படி எழுதியிருந்தீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நோயாளி வீடு திரும்பியதோடு கட்டுரை முடிந்துவிட்டது. முகத்தில் தழும்போடோ சிதைவோடோ வாழ்பவர்களுக்குக் கடினமான பகுதி அதன் பிறகுதான் வருகிறது என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். என் முகத்தின் இடப்பக்கம் தீக்காயத் தழும்பு. மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில், புதிதாகக் காயம்பட்டவர்களைச் சந்தித்துப் பேசும் துணையாளராகச் சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். அந்தத் தகுதியைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை.

நான் சொல்ல விரும்புவது இதுதான். முகத்துக்குச் சிகிச்சை அளிக்கும் எந்தப் பிரிவும், நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், அவரைப் போன்ற முகத்தோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து வருபவரும் அதற்கெனப் பயிற்சி பெற்றவருமான ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்பை அவருக்குத் தர வேண்டும். நல்ல மனம் படைத்த யாரோ ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவதாக இது இருக்கக் கூடாது. மருந்துச் சீட்டைப் போல, உடற்பயிற்சி நிபுணரிடம் அனுப்பும் குறிப்பைப் போல, சிகிச்சையின் ஒரு பகுதியாக எழுத்தில் இருக்க வேண்டும்.

முகம் மாறுவதற்குக் காரணங்கள் பல. தீ, அமிலம், வாகன விபத்து, விலங்குக் கடி, வாய்ப் புற்றுநோய்க்காகத் தாடையையும் கன்னத்தையும் அகற்றுதல், முகநரம்பு செயலிழத்தல், நரம்புக் கட்டிகள், பிறவிச் செம்மச்சம் என்று பட்டியல் நீளும். உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவோடோ அண்ணப் பிளவோடோ பிறக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை ஒரே அறுவை சிகிச்சையில் தீர்ந்துவிடுவதில்லை. தீக்காயத் தழும்பு சிவப்பு மங்கி மென்மையாவதற்கு ஓராண்டு முதல் ஈராண்டு வரை ஆகும். அதுவரை, தழும்பு தடிக்காமல் அழுத்திப் பிடிக்கும் அழுத்த முகமூடியை நாளொன்றுக்கு 23 மணி நேரம் அணியச் சொல்வார்கள். வெட்டித் தைத்த நரம்பு ஒரு நாளில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். ஆகவே உதட்டோரம் அசையுமா அசையாதா என்பது தெரியவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிளவோடு பிறந்த குழந்தைக்குச் சில மாதங்களில் உதட்டிலும், ஒரு வயதை ஒட்டி அண்ணத்திலும், பல் விழுந்து முளைக்கும் பருவத்தில் ஈறெலும்பிலும், வளர்ந்த பிறகு தேவைப்பட்டால் தாடையிலும் மூக்கிலும் அறுவை சிகிச்சை செய்வார்கள். மருத்துவர் இறுதி முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் அந்த ஆண்டுகள் முழுவதும் அந்த மனிதர் வேலைக்குப் போக வேண்டும், பள்ளிக்குப் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும்.

இடைப்பட்ட இந்தக் காலத்தில் எழும் கேள்விகளை நோயாளிகள் மருத்துவரிடம் கேட்பதில்லை. கேட்டால் அவருடைய நேரத்தை வீணாக்குகிறோமோ என்ற தயக்கம் ஒரு பக்கம்; அவருக்குப் பதில் தெரிந்திருக்காது என்ற கணிப்பு இன்னொரு பக்கம். என்னிடம் கேட்கப்படும் கேள்விகளைச் சொன்னால் இது விளங்கும். உதடு முழுதாக மூடாதபோது பிறர் முன்னிலையில் தண்ணீர் குடிப்பது எப்படி? இமை மூடாத கண்ணோடு இரவில் தூங்குவது எப்படி? ஒட்டிய தோலில் வியர்க்காதாமே, அப்படியென்றால் வெயில் காலத்தில் என்ன செய்வது? தொடையிலிருந்து வந்த தோலில் முடி முளைக்கிறதே, அதை மழிக்கலாமா? முகமூடிக்குள் அரிப்பெடுத்தால் கழற்றலாமா? கைப்பேசி என் முகத்தை அடையாளம் காண மறுக்கிறதே, அடையாள அட்டையில் இருக்கும் பழைய புகைப்படத்தை யாரிடம் போய் மாற்றுவது? இவற்றுக்கெல்லாம் பிறகு, பெரும்பாலும் நான் எழுந்து புறப்படும் நேரத்தில், உண்மையான கேள்வி வரும்: என் குழந்தை என்னைப் பார்த்துப் பயப்படுமா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு மனநல நிபுணர் நல்ல பதிலைச் சொல்ல முடியும். சிறு குழந்தைகள் முதலில் மிரளலாம் என்றும், குரலும் வாசனையும் தொடுதலும் பழையபடியே இருப்பதை உணர்ந்ததும் நெருங்கி வருவார்கள் என்றும், முன்கூட்டியே ஒரு புகைப்படத்தைக் காட்டி எளிய சொற்களில் விளக்கினால் சந்திப்பு சுலபமாகும் என்றும் அவர் சொல்வார். நான் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். வேறுபாடு என்னவென்றால், நான் சொல்லும்போது கேட்பவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் குழந்தைகள் உண்டா என்று கேட்கிறார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறார். கண்ணாடி முன் நிற்கத் துணியாத ஒருவர் இன்னொருவரின் தழும்பைக் கூச்சமில்லாமல் உற்றுப் பார்ப்பதற்கு அந்த அறையில் அனுமதி இருக்கிறது. பார்க்கட்டும் என்றுதான் நாங்கள் வெளிச்சத்தில் உட்காருகிறோம்.

பிறர் பார்வையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் வெளியில் இருந்து அறிவுரை சொல்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே. "யாரும் உன்னைப் பார்க்கவில்லை, எல்லாம் உன் மனப்பிரமை" என்று குடும்பத்தினர் ஆறுதல் சொல்வார்கள். அது உண்மையல்ல. உளவியலாளர் நிக்கோலா ரம்சியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முகத்தில் மச்சமோ தழும்போ உள்ளதுபோல் ஒப்பனை செய்துகொண்ட ஒருவர் பொது இடத்தில் நின்றபோது மற்றவர்கள் வழக்கத்தைவிடத் தள்ளியே நின்றார்கள். தழும்பு இல்லாத பக்கமாக நிற்கவே விரும்பினார்கள். ஆகவே பார்வையும் விலகலும் உள்ளவைதான். அதே சமயம், 1980இல் அமெரிக்காவில் கிளெக், ஸ்ட்ரென்டா என்ற இரு உளவியலாளர்கள் வேறொரு சோதனை செய்தார்கள். பங்கேற்றவர்களின் முகத்தில் ஒப்பனையால் ஒரு தழும்பை வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு தழும்பு உலர்ந்து வெடிக்காமல் இருக்க ஏதோ பூசுவதாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாமல் அதை அழித்துவிட்டு, முன்பின் அறியாத ஒருவரிடம் பேச அனுப்பினார்கள். முகத்தில் ஒன்றுமே இல்லாதபோதும், எதிரில் இருந்தவர் தம் தழும்பைக் கண்டு இறுக்கமாக நடந்துகொண்டதாகவே அவர்கள் உணர்ந்தார்கள்.

இரண்டாவது சோதனையை மட்டும் எடுத்துக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்களின் துயரமெல்லாம் கற்பனை என்று நிறுவ முயல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது அநியாயம். அதில் பங்கேற்றவர்கள் தழும்போடு ஒரு நாளும் வாழ்ந்தவர்கள் அல்லர். ஆனால் இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், எங்களில் ஒவ்வொருவரும் அன்றாடம் செய்யும் வேலை ஒன்று புலப்படும். இந்தப் பார்வை என் முகத்துக்காக வந்ததா, அல்லது அவர் எதையோ யோசித்துக்கொண்டு வெறித்துப் பார்க்கிறாரா என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் உலகமே பகையாகத் தோன்றும். மறு பக்கம் சாய்ந்தால் பட்ட அவமதிப்பைக்கூட நாமே மறுக்க நேரிடும். இதைப் பிரித்தறியும் பழக்கத்தைப் பல ஆண்டுகள் அந்த முகத்தோடு நடந்தவரிடம்தான் கற்றுக்கொள்ள முடியும்.

அவர் கற்றுத் தருபவை பெரிய தத்துவங்கள் அல்ல. முகம் மாறியவர்களுக்கான அமைப்புகள் பல காலமாகச் சொல்லித் தரும் ஒரு முறை உண்டு: யாராவது கேட்டால், நடந்ததை ஒரே வரியில் சொல்வது, இப்போது நன்றாக இருப்பதாக உறுதி தருவது, உடனே பேச்சை வேறொன்றுக்குத் திருப்புவது. "தீ விபத்தில் காயம்பட்டது. இப்போது வலியில்லை. அடுத்த வண்டி எப்போது?" அவ்வளவுதான். முழுக் கதையையும் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை என்பதை முதன்முதலாகக் கேட்கும்போது நோயாளியின் தோள்கள் தளர்வதை நேரில் கண்டிருக்கிறேன். இந்த வரிகளை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். வெளியில் போய்த் தேடினால் கிடைக்காது. நிமிர்ந்து நில், கண்ணைப் பார்த்துப் பேசு, புன்னகை செய் என்று சொல்லித் தரும் முறைகளும் இருக்கின்றன. அவையும் பயனுள்ளவையே, ஆனால் முகநரம்பு இழந்தவரிடம் போய்ப் புன்னகை செய்யச் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? அவருக்குக் குரலாலும் கையசைவாலும் நட்பைக் காட்டுவது எப்படி என்று சொல்ல, முகவாதத்தோடு வாழும் இன்னொருவர் வேண்டும். எல்லாத் துணையாளரும் எல்லோருக்கும் பொருந்த மாட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

தழும்பு எவ்வளவு பெரியது என்பதை வைத்து யாருக்குத் துணை தேவை என்று முடிவு செய்யும் வழக்கமும் மருத்துவமனைகளில் இருக்கிறது. சிதைவின் அளவுக்கும் மனத் துயரத்தின் அளவுக்கும் நேரான தொடர்பில்லை என்பதை இத்துறை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. பாதி முகம் எரிந்தவர் சில மாதங்களில் வேலைக்குத் திரும்புவதும், மேலுதட்டில் ஒரு கோடு மட்டும் உள்ளவர் பல ஆண்டுகள் புகைப்படம் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதும் உண்டு. பிறவியிலேயே வந்த முகத்தோடு வளர்ந்தவருக்கும், நாற்பது வயதில் பழைய முகத்தை இழந்தவருக்கும் துயரத்தின் தன்மையே வேறு. முன்னவர் சிறு வயது முதல் கேலியோடு போராடியவர். பின்னவருக்கோ, அதுவரை கூட்டத்தில் யாரும் கவனிக்காமல் நடந்து போக முடிந்த வசதி ஒரே நாளில் பறிபோகிறது. அறுவை சிகிச்சை நிபுணர் மில்லிமீட்டரில் அளப்பதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. எல்லோரிடமும் கேட்க வேண்டும், வேண்டாம் என்பவரை விட்டுவிட வேண்டும், சில மாதங்கள் கழித்து மறுபடி ஒருமுறை கேட்க வேண்டும்.

இதெல்லாம் புதிய சிந்தனை என்று யாராவது நினைத்தால், வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த பிரித்தானிய வீரர்களுக்கு ஹரால்ட் கில்லீஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் சிட்கப் என்ற ஊரின் மருத்துவமனையில் சிகிச்சை அளித்தார். இன்றைய முகச் சீரமைப்புக் கலைக்கு அடித்தளமிட்டவர்களில் அவர் முதன்மையானவர். ஆனால் அங்கே நோயாளிகள் பார்த்து மனமுடைந்துவிடுவார்கள் என்று கண்ணாடிகளை விலக்கி வைத்திருந்தார்கள். ஊருக்குச் செல்லும் சாலையில் அவர்கள் உட்காரும் பலகைகளுக்கு நீல வண்ணம் பூசி, எதிரில் வருபவர்களுக்கு முன்னெச்சரிக்கை தந்தார்கள். நல்ல நோக்கத்தோடு செய்ததுதான். ஆனாலும் நீலப் பலகையில் உட்காருபவர் தம்மைப் பற்றி என்ன கற்றுக்கொள்வார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போரில், கில்லீஸின் உறவினரும் அவரிடம் பணியாற்றியவருமான ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ, ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊரில் எரிந்த விமானிகளுக்குச் சிகிச்சை செய்தபோது வேறு வழியில் போனார். நோயாளிகளைச் சிகிச்சையின் நடுவிலேயே ஊருக்குள் அனுப்பினார். ஊர்மக்களிடம் பேசி, அவர்களை வீட்டுக்கும் விருந்துக்கும் அழைக்கச் செய்தார். உற்றுப் பார்க்காத ஊர் என்று அதற்குப் பெயரே வந்தது. அங்கே 1941இல் நோயாளிகளே 'கினிப் பிக் கிளப்' என்ற ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். தங்களைச் சோதனை எலிகளாகச் சொல்லிக்கொண்ட அந்தக் கிண்டல் அவர்களுடையது. மருத்துவர் வைத்த பெயரல்ல. பணத்தோடு ஓடிப்போக முடியாது என்பதற்காகக் கால்கள் எரிந்தவரைப் பொருளாளராக்கினார்கள். கூட்டக் குறிப்பு எழுதி உயிரை வாங்கக் கூடாது என்பதற்காக விரல்கள் எரிந்தவரைச் செயலாளராக்கினார்கள். போர் முடிவில் அறுநூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். கடைசிச் சந்திப்பு 2007இல் நடந்தது. காயம் ஆறி அறுபது ஆண்டுகள் கழிந்த பிறகும் கூடினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிரான்சில் இது அதற்கும் முன்பே தொடங்கியது. முதல் உலகப் போரில் முகம் சிதைந்தவர்கள் 1921இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, 'உடைந்த முகங்கள்' என்று தங்களைத் தாங்களே அழைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஐவர் 1919 ஜூன் 28 அன்று, போரை முடித்து வைத்த வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தான மண்டபத்தில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். எப்படியானாலும் புன்னகைப்போம் என்பது சங்கத்தின் முழக்கம். 1927இல் தங்களுக்கென ஒரு பெரிய மாளிகையையும் அவர்கள் ஏற்படுத்திக்கொண்டார்கள். அதற்கு முன்பே, முதல் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், பாரிசில் சிற்பி அன்னா கோல்மன் லாட் மெல்லிய செம்புத் தகட்டில் முகமூடிகள் செய்து, அவரவர் தோலின் நிறத்தைத் தீட்டிக் கொடுத்தார். மிக நுட்பமான வேலை. ஆனால் அந்த முகமூடிகள் சிரிக்கவில்லை, அணிந்தவரோடு சேர்ந்து முதுமையடையவும் இல்லை.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இவர்கள் எல்லோரும் போர்வீரர்கள். நாட்டுக்காக இழந்த முகம் என்ற மரியாதை அவர்களுக்கு ஒரு கவசமாக இருந்தது. வீட்டில் எரிந்த பெண்ணுக்கும், சிவந்த மச்சத்தோடு பிறந்த சிறுவனுக்கும், புற்றுநோயால் கண்ணையும் கன்னத்தையும் இழந்தவருக்கும் பதக்கம் ஏது? அதனால்தானோ என்னவோ, அவர்களுக்கான அமைப்புகள் உருவாக மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. 1977இல் அமெரிக்காவில் தீக்காயம் பட்டவர்களுக்கான பீனிக்ஸ் சங்கத்தைத் தொடங்கிய ஆலன் பிரெஸ்லாவ், விமான விபத்தில் எரிந்தவர். 1984இல் பிரிட்டனில் 'லெட்ஸ் ஃபேஸ் இட்' என்ற அமைப்பைத் தொடங்கிய கிறிஸ்டின் பிஃப், புற்றுநோயால் முகத்தின் ஒரு பகுதியை இழந்தவர். 1992இல் அதே நாட்டில் 'சேஞ்சிங் ஃபேசஸ்' அமைப்பைத் தொடங்கிய ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ், 18 வயதில் வாகனம் தீப்பற்றியதால் முகம் எரிந்தவர். தொடங்கியவர்கள் அனைவரும் தாங்களே அந்த முகத்தோடு வாழ்ந்தவர்கள் என்பது தற்செயலன்று. மருத்துவமனைகள் செய்யாததை அவர்கள் செய்தார்கள்.

இன்றைய உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். நோமா என்பது சத்துக்குறைவுள்ள சிறு குழந்தைகளின் ஈறில் தொடங்கி, சில நாட்களில் கன்னத்தையும் மூக்கையும் அரித்துவிடும் நோய். சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் பெரும்பாலோர் இறந்துவிடுவார்கள். பிழைத்தவர்கள் சிதைந்த முகத்தோடு ஒளித்து வைக்கப்படுவார்கள். நைஜீரியாவின் சொகோடோ நகரில் இந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது. அங்கே அறுவை சிகிச்சை பெற்ற முலிகாத் ஒகன்லாவன் என்ற பெண், பிறகு அதே மருத்துவமனையில் பணியில் சேர்ந்து, புதிதாக வரும் நோயாளிகளுக்குத் துணையாக இருக்கிறார். பிழைத்த வேறொருவருடன் சேர்ந்து ஒரு சங்கமும் அமைத்து, உலக அரங்கில் குரல் கொடுத்தார். 2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் நோமாவைச் சேர்த்தது. வார்டில் ஒரு தாயின் அருகே அமர்ந்து பேசுவதையும் உலக மேடையில் பேசுவதையும் ஒரே மனிதர் செய்ய முடிகிறது என்றால், இந்தத் துணையை ஏதோ மென்மையான கூடுதல் சேவையாக ஒதுக்கிவிட முடியாது.

இதில் ஆபத்துகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. காயம்பட்டவர் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் இன்னொரு நோயாளியின் படுக்கையருகே அனுப்பக் கூடாது. தம் காயம் இன்னும் மனத்தில் ஆறாதவர், கேட்க வந்த இடத்தில் தம் கதையையே கொட்டிவிட்டுப் போவார். அதைவிட மோசமானவர், "என்னால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?" என்று கேட்பவர், அவர் போன பிறகு நோயாளிக்குத் தழும்போடு குற்றவுணர்ச்சியும் சேர்ந்துவிடும். துணையாளராக வருபவர் தம் காயத்திலிருந்து போதிய தொலைவு கடந்தவராக இருக்க வேண்டும். பெரும்பாலும் கேட்கவும், கொஞ்சமாகப் பேசவும், தம் கதையைக் கேட்டால் மட்டும் சொல்லவும் பழகியிருக்க வேண்டும். எந்த மருத்துவர் நல்லவர், எந்தக் களிம்பு தழும்பைப் போக்கும் என்று சொல்லக் கூடாது. கேட்டதை வெளியில் பேசக் கூடாது. ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால் அதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் உடனே சிகிச்சைக் குழுவிடம் தெரிவிக்க வேண்டும் என்பதும், நோயாளியிடம் அதை முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதும் பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டும். துணையாளருக்கும் பேசி இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். சில சந்திப்புகளுக்குப் பிறகு எங்களுக்கே பழைய கனவுகள் திரும்பி வருவதுண்டு.

இன்னொரு முகம் எரிந்தவரைப் பார்த்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று சில மருத்துவர்கள் சொல்கிறார்கள். கண்ணாடியை விலக்கி வைத்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். நோயாளியிடம் முன்கூட்டியே கேட்டு, வருபவரின் முகம் எப்படியிருக்கும் என்று விளக்கி, அவர் சம்மதித்த நாளில் அனுப்பினால் பயத்துக்கு இடமில்லை. பயனை அளந்து காட்டுங்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இத்துறையில் இதுவரை நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டு எழுதப்பட்டவை. தனிமை குறைந்ததாகவும், எதிர்காலத்தைக் கற்பனை செய்ய முடிந்ததாகவும் அவர்கள் சொல்கிறார்கள். ஒப்பீட்டுச் சோதனைகள் குறைவு. ஆகவே ஒழுங்காகத் தொடங்கி, ஒழுங்காக அளப்போம். செலவைப் பற்றிப் பேச அதிகமில்லை; மற்ற சிகிச்சைகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது.

நோயாளியை மட்டும் நினைத்தால் போதாது. பிளவோடு குழந்தை பிறந்த அன்று தாய்க்குத் தேவைப்படுபவர், அதே போன்ற குழந்தையை வளர்த்த இன்னொரு தாய். பால் எப்படிக் கொடுப்பது என்பதிலிருந்து உறவினர்களிடம் என்ன சொல்வது என்பது வரை அவரால்தான் சொல்ல முடியும். பள்ளிக்குத் திரும்பும் குழந்தைக்காக, அது திரும்புவதற்கு முன்பே வகுப்புக்குச் சென்று மற்றக் குழந்தைகளிடம் பேசும் ஏற்பாடு சில தீக்காய மையங்களில் இருக்கிறது. தீக்காயம் பட்ட குழந்தைகளுக்கான முகாம்களும் பல நாடுகளில் நடக்கின்றன. சட்டையைக் கழற்றி நீந்த வெட்கப்பட்ட சிறுவன், எல்லோர் உடம்பிலும் தழும்பு இருக்கும் இடத்தில் தானாகவே தண்ணீரில் இறங்கிவிடுவான். யாரும் அவனுக்குச் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை.

நாளிதழ்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவையும் உண்டு. தழும்புள்ள முகத்தைத் தீயவனின் அடையாளமாகக் காட்டும் படங்களுக்கு இனி நிதி தருவதில்லை என்று பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் 2018இல் அறிவித்தது. செய்தி எழுதுபவர்களும் இப்படி ஒரு முடிவு எடுக்கலாம். எங்களைப் பற்றிய செய்திகள் இரண்டே வார்ப்பில் வருகின்றன: ஒன்று, பார்ப்பவர் நெஞ்சைப் பிளக்கும் சோகம், மற்றொன்று, எல்லாவற்றையும் வென்று சாதித்த கதை. காலையில் எழுந்து வேலைக்குப் போய் மாலையில் திரும்பி வரும் தழும்புள்ள மனிதரைச் செய்தியில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. வங்கிச் செய்தியிலோ வானிலைச் செய்தியிலோ கருத்துச் சொல்லும் ஒருவராக அவர் வந்தால், தழும்பைப் பற்றி ஒரு வரியும் எழுதாமலே உங்கள் நாளிதழ் பெரிய வேலை ஒன்றைச் செய்ததாகும்.

கடைசியாக, புகைப்படங்களைப் பற்றி. மருத்துவமனைப் படுக்கையில், கட்டுப் பிரித்த நிலையில், வலியும் மயக்கமும் கலந்த நேரத்தில் பெறும் ஒப்புதலை ஒப்புதலாகக் கொள்ள வேண்டாம். எந்தப் படத்தை வெளியிடலாம் என்பதை அவரே தேர்ந்தெடுக்க விடுங்கள். முன்பும் பின்பும் என்று இரண்டு முகங்களை அருகருகே வைப்பதில் அவருக்கு விருப்பமா என்று தனியாகக் கேளுங்கள். ஒரு முறை வெளியான படத்தை, ஆண்டுகள் கழித்து வேறொரு செய்திக்காகக் கோப்பிலிருந்து எடுத்துப் போடும்போதும் அவரைத் தேடிப்பிடித்து மறுபடி ஒப்புதல் பெறுங்கள். கிடைக்காவிட்டால் படமில்லாமலே செய்தியை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தீக்காயப் பிரிவில் துணையாளராக இருக்கும் வாசகர் ஒருவர்